890, 336, 410: துறைமுகத் தொகுதியின் வாக்குக் கணக்கு

1991 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தின் 234 தொகுதிகளில் திமுகவுக்குத் தேறியவை இரண்டுதான். ஒன்று சென்னை எழும்பூர், அங்கே பரிதி இளம்வழுதி வென்றார். இன்னொன்று துறைமுகம், அங்கே வென்றவர் மு. கருணாநிதி. ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டு ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் நடந்த வாக்குப்பதிவு அது. அதிமுக - காங்கிரஸ் கூட்டணிக்கு ஆதரவாக வீசிய அலையில் திமுகவின் மாவட்டங்கள் ஒன்றுவிடாமல் சரிந்தன. கட்சித் தலைவர் எப்படியோ கரையேறினார். காங்கிரஸின் கே. சுப்புவைவிட அவர் கூடுதலாகப் பெற்ற வாக்குகள் 890.

துறைமுகத்தைத் "திமுகவின் கோட்டை" என்று சொல்வது அரசியல் மேடைகளில் பழகிப்போன வழக்கு. 1977 முதல் 2006 வரை நடந்த எட்டுப் பொதுத் தேர்தல்களிலும் அங்கே உதயசூரியன்தான் வென்றது என்பதால் அந்தப் பெயருக்கு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். வாக்கு எண்ணிக்கையைப் புரட்டிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. 1991இல் 890, 2001இல் 336, 2006இல் 410. இந்த மூன்று தேர்தல்களின் வித்தியாசத்தையும் கூட்டினாலும் 1,636தான் வரும். மண்ணடியில் நெருக்கமான சில தெருக்களின் வாக்காளர்கள் மனம் மாறியிருந்தால் இந்தக் கோட்டை மூன்று முறை விழுந்திருக்கும். யார் யாரோ வந்து குடியேறி, யார் யாரோ விட்டுப்போய், எந்தக் கட்சிக்கும் முழுசாகச் சொந்தமாகாத ஓர் ஊரின் தேர்தல் வரலாறு இது. அதைக் கோட்டை என்ற ஒரு சொல்லில் அடைப்பது அந்த ஊருக்குச் செய்யும் அநீதி.

கிழக்கே துறைமுகமும் ராஜாஜி சாலையும், தெற்கே உயர் நீதிமன்றமும் பாரிமுனையும், மேற்கே தங்கசாலையும் வால்டாக்ஸ் சாலையும், நடுவே மண்ணடி, முத்தியால்பேட்டை, கொத்தவால்சாவடி, சவுகார்பேட்டை. இன்றைய துறைமுகத் தொகுதியின் மையப் பகுதி இதுதான். சென்னைவாசிகள் கல்யாணப் பத்திரிகை அடிக்கவும், மொத்த விலையில் மளிகை, பாத்திரம், மின்சாதனம், துணி வாங்கவும் போகும் இடம். பகலில் மீன்பாடி வண்டியும் மினி லாரியும் மோட்டார் சைக்கிளும் முட்டி மோதும் தெருக்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஓய்ந்துவிடும். அந்தத் தெருக்களில் உழைப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு வேறு தொகுதியில் இருக்கிறது. துறைமுகத்தின் தேர்தல் கணக்கு புரிய வேண்டுமென்றால் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

இந்த ஊர் ஒருமுறை இடித்துத் தள்ளப்பட்டு, தள்ளி வைக்கப்பட்ட ஊர். 1640 வாக்கில் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்ததும் அதன் வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர்களும் வணிகர்களும் துபாஷிகளும் குடியேறினார்கள். கம்பெனிக்காரர்கள் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கிற இடம்தான் அது. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தபோது கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளைத் தகர்த்தது. மூன்றாண்டு கழித்து ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் மிச்சத்தையும் அகற்றினார்கள். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை வந்தது. பீரங்கிக் குண்டு பாயத் தடையில்லாத வெட்டவெளி வேண்டுமென்று முடிவாயிற்று. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். பழைய நகரத்தில் இருந்த சென்னக்கேசவப் பெருமாள் கோயில்கூடத் தேவராஜ முதலி தெருவில் புதிதாக எழுப்பப்பட்டது. இந்த எல்லைக்குள் யாரும் கட்டடம் கட்டக் கூடாது என்று கம்பெனி 1773இல் நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்னும் இருக்கிறது. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் கறுப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆனது.

பிரதிநிதித்துவம் என்ற சங்கதி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது ஆல்டர்மேன்கள் பட்டியலில் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியரும் யூதரும் இந்துக்களும் இருந்தார்கள். வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை அல்ல அது. ஆனாலும் எந்தச் சமூகத்துக்கு எத்தனை இருக்கை என்ற கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது. 1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்கு இடையே யாருடைய ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்று பெரும் கலவரம் மூண்டது. கவர்னர் தாமஸ் பிட் கண்ட தீர்வு, பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டையை இடங்கையினருக்கும் பிரித்துக் கொடுத்தது. தெருவைச் சமூகவாரியாகப் பார்க்கும் பழக்கம் அந்தப் பிரிவினையிலிருந்து இன்றைய தேர்தல் முகவர் கையிலிருக்கும் பூத் பட்டியல்வரை அறுபடாமல் வருகிறது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் ஏராளம். ஆர்மீனியர்கள் ஒரு தெருவுக்குப் பெயரையும் ஒரு தேவாலயத்தையும் விட்டுப்போனார்கள். தெலுங்கு பேசும் கோமுட்டி வணிகர்கள் கொத்தவால்சாவடியில் கன்னிகா பரமேஸ்வரி கோயிலை மையமாக வைத்து வேரூன்றினார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் மண்ணடியில் நிலைத்தார்கள். குஜராத்திகளும் மார்வாடிகளும் சவுகார்பேட்டையை வட்டித் தொழிலுக்கும் நகைக்கும் துணிக்கும் பேர்போனதாக்கினார்கள். 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டுக் கப்பலேறி வந்த தமிழர்களுக்குக் கடற்கரை ரயில் நிலையத்தருகே கடைபோட இடம் கிடைத்தது. பர்மா பஜார் அப்படித்தான் பிறந்தது. தமிழகத்தில் ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் தமிழ், தெலுங்கு, உருது, குஜராத்தி, மார்வாடி, இந்தி என்று இத்தனை மொழிகளில் வாக்குக் கேட்க வேண்டிய இடங்கள் மிகக் குறைவு.

அரசியல் போராட்டமும் இந்தத் தெருக்களில்தான் கூடியது. 1923இல் ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தியபோது அவற்றில் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் நடந்தது. 1928இல் சைமன் குழுவை எதிர்த்து நடந்த மறியலில் போலீஸ் துப்பாக்கிக்கு முன்னால் மார்பைக் காட்டி நின்ற வழக்கறிஞர் டி. பிரகாசத்தின் பெயர்தான் இன்று பிராட்வேக்கு. அவரே பின்னால் சென்னை மாகாணப் பிரதமராகவும், 1953இல் பிறந்த ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சராகவும் ஆனார். சென்னை யாருக்கு என்று தமிழரும் தெலுங்கரும் மோதிக்கொண்ட அந்த ஆண்டுகளில் ஜார்ஜ் டவுனின் தெலுங்கு வணிகர்கள் கவனமாகவே இருந்தார்கள். இரு பக்கமும் அவர்களுக்கு வாடிக்கையாளர்கள்.

1949 செப்டம்பர் 17 அன்று ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவின் ஒரு வீட்டில் அண்ணாதுரையும் நண்பர்களும் கூடித் திராவிட முன்னேற்றக் கழகத்தை அமைத்தார்கள். மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. பவள வணிகத்தில் பெயர்பெற்ற யூதர்கள் ஒருகாலத்தில் வாழ்ந்த தெருவில் பிறந்த கட்சி, அந்தத் தெரு இருக்கும் வட்டாரத்தைத் தன் சின்னத்தில் வெல்ல இருபத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் மூன்று தேர்தல்கள் காங்கிரஸுடையவை. 1952இலும் 1957இலும் டாக்டர் யு. கிருஷ்ணா ராவ் வென்றார். மருத்துவர், மாநகராட்சி மேயராக இருந்தவர். 1957க்குப் பிறகு சட்டப்பேரவைத் தலைவரானார், 1961இல் அந்தப் பதவியில் இருக்கும்போதே காலமானார். பேரவைத் தலைவரை அனுப்பிய தொகுதி என்ற பெருமை அவரால் வந்தது. 1962இல் காங்கிரஸ் நிறுத்திய கே.எஸ்.ஜி. ஹாஜா ஷெரீப் வென்றார். மண்ணடியின் வாக்கு எடைபோடப்பட ஆரம்பித்ததற்கு அது அடையாளம்.

1967இல் மாநிலமே புரண்டது. திமுக 137 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. துறைமுகத்தில் அப்போது வென்றவர் ஹபிபுல்லா பெய்க். 1971இல் திருப்பூர் ஏ.எம். முகைதீன். தேர்தல் ஆணைய ஏடுகளில் இருவருமே சுயேச்சைகள் என்றுதான் பதிவாகியிருக்கிறது. நடப்பில் இருவரும் திமுக கூட்டணியில் முஸ்லிம் லீக் நிறுத்தியவர்கள். முகம்மது இஸ்மாயில் என்ற காயிதே மில்லத்தும் அண்ணாவும் கட்டிய அந்தக் கூட்டுக்கு இந்தத் தொகுதி ஒரு சோதனைக் களமாக இருந்தது என்று சொல்லலாம். தொகுதியைத் தோழமைக் கட்சிக்கு விட்டுக்கொடுத்த திமுக, அங்கே தன் வேரை அந்தப் பத்தாண்டில்தான் பரப்பிக்கொண்டது.

எம்.ஜி.ஆர். பிரிந்துபோன பிறகு 1977இல் நடந்த நான்குமுனைப் போட்டியில் திமுக தன் ஆளையே நிறுத்தியது. ஏ. செல்வராசன் வென்றார். மாநிலத்தில் அதிமுக ஆட்சியைப் பிடித்தது. திமுகவுக்குக் கிடைத்த 48 இடங்களில் சென்னைத் தொகுதிகளின் பங்கு கணிசம். 1980இலும் செல்வராசன். 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருக்க, இந்திரா காந்தியின் படுகொலை உண்டாக்கிய அனுதாபமும் சேர்ந்துகொள்ள, திமுக 24 இடங்களுக்குச் சுருங்கியது. அந்த 24இல் ஒன்று துறைமுகம், வென்றவர் மறுபடியும் செல்வராசன். மூன்று தேர்தல், மூன்று எதிர்க்காற்று, ஒரே உறுப்பினர். கட்சியின் பெருந்தலைகள் வந்து போட்டியிட்ட பிறகு அவர் பெயர் பேச்சில் அடிபடுவதில்லை. கோட்டை என்ற பேருக்கு உண்மையில் உரியவர் அவர்தான்.

கருணாநிதி துறைமுகத்துக்கு வந்த வழியும் கவனிக்கத்தக்கது. குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர் என்று தொகுதி மாறி மாறி வென்றவர் அவர். 1980இல் அண்ணாநகரில் எச்.வி. ஹண்டேயை 699 வாக்குகளில்தான் வென்றார். 1983இல் ஈழத்தமிழர் மீதான வன்முறையைக் கண்டித்து அவரும் கட்சியின் பொதுச்செயலாளர் க. அன்பழகனும் சட்டமன்றப் பதவியைத் துறந்தார்கள். பிறகு மேலவைக்குப் போனார். 1986இல் எம்.ஜி.ஆர். அரசு மேலவையையே ஒழித்தது. ஆக, 1989இல் பேரவைக்குத் திரும்ப ஒரு தொகுதி தேவைப்பட்டபோது அவர் தேர்ந்தது துறைமுகம். எம்.ஜி.ஆர். மறைந்து, அதிமுக ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று பிளந்து, காங்கிரஸும் தனியே நின்ற தேர்தல் அது. எதிரணி வாக்குகள் சிதற, கருணாநிதி ஏறக்குறைய 32,000 வாக்குகள் கூடுதலாகப் பெற்று வென்றார். பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு முதலமைச்சரானார். ஜார்ஜ் டவுன் முதல்முறையாக முதலமைச்சரின் தொகுதி ஆனது.

அந்தப் பெருமை இரண்டே ஆண்டு. 1991 ஜனவரி 30 அன்று சந்திரசேகர் அரசு திமுக ஆட்சியைக் கலைத்தது. மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தேர்தல் தள்ளிப்போய் ஜூன் நடுவில் நடந்தது. பிளந்திருந்த அதிமுக ஒன்றாகியிருந்தது, காங்கிரஸும் அதனோடு இருந்தது. 1989இல் சிதறிய வாக்குகள் 1991இல் ஒரே பெட்டியில் விழுந்தன. இரண்டாண்டு முன்பு 32,000 வித்தியாசம் இருந்த இடத்தில் 890 மிஞ்சியது இப்படித்தான். கருணாநிதியின் வாக்கு கரைந்ததைவிட எதிரணியின் வாக்கு ஒன்றுசேர்ந்ததே பெரிய காரணம். 446 பேர் கைமாற்றிக் குத்தியிருந்தால், 1957இல் தொடங்கி ஒரு சட்டமன்றத் தேர்தலிலும் தோற்காதவர் என்ற அவருடைய சாதனை ஜார்ஜ் டவுனில் முடிந்திருக்கும். கட்சியின் தோல்விக்குப் பொறுப்பேற்று அவர் அந்தச் சட்டமன்றப் பதவியையும் துறந்தார். 1996இல் சேப்பாக்கம் போனார். துறைமுகத்தில் பிறகு அவர் நிற்கவே இல்லை.

அந்தத் தேர்தலின் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திமுக அப்போது மாநிலம் முழுக்கப் பெற்ற வாக்கு ஏறத்தாழ 22.5 விழுக்காடு. கிடைத்த இடம் 234இல் இரண்டு. ஒரு தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் உள்ளே, மற்ற எல்லோரும் வெளியே என்ற நம் முறையில் இப்படி நடக்கும்.

1845 வரை தரங்கம்பாடியை வைத்திருந்த டென்மார்க்கில் கணக்கு வேறு மாதிரி. கோபன்ஹேகனின் தென்மேற்கு விளிம்பில், கடலோரமாக ஹ்விடோவ்ரே என்று ஒரு புறநகர் இருக்கிறது. மக்கள்தொகை ஐம்பதாயிரத்துச் சொச்சம். தலைநகரில் வீடு கிடைக்காத உழைப்பாளர்கள் துண்டு நிலத்தில் குடிசை போட்டு, பிறகு அடுக்குமாடிகளில் குடியேறி வளர்த்த ஊர். நாடாளுமன்றத் தேர்தலில் ஹ்விடோவ்ரேவும் ஒரு தொகுதிதான். ஆனால் அங்கே விழும் வாக்கு அந்த எல்லையோடு முடிந்துவிடுவதில்லை. கோபன்ஹேகனைச் சூழ்ந்த புறநகர்களெல்லாம் சேர்ந்த பெரிய தொகுதியின் மொத்தத்தில் அது போய்ச் சேர்கிறது. அங்கே கட்சிகளின் வாக்குக்கேற்ப இடங்கள் பிரிகின்றன. மிச்சமிருக்கும் ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட நாடு முழுதுக்குமாக 40 இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு விழுக்காடு வாக்கு வாங்கிய கட்சிக்கே அந்தப் பங்கில் உரிமை உண்டு. டென்மார்க் நிலப்பகுதிக்குரிய 175 இடங்களில், 22.5 விழுக்காடு வாக்கு பெற்ற கட்சி நாற்பதை ஒட்டி வந்திருக்கும். ஹ்விடோவ்ரேயில் 336 பேர் மனம் மாறினால் அமைச்சர் ஒருவர் வீட்டுக்குப் போய்விட மாட்டார்.

கோட்டை என்ற பேச்சு மட்டும் அங்கேயும் உண்டு. ஹ்விடோவ்ரே நகராட்சித் தலைவர் பதவியைச் சமூக ஜனநாயகக் கட்சி பல பத்தாண்டுகள் விடாமல் வைத்திருந்தது. 2021 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அது சோசலிச மக்கள் கட்சியின் ஆண்டர்ஸ் வோல்ஃப் ஆண்ட்ரசென் கைக்குப் போனது.

துறைமுகத்துக்கு 1996இல் பேராசிரியர் க. அன்பழகன் வந்தார். அவருக்கு இந்த வட்டாரம் அந்நியமல்ல. அவர் தமிழ் கற்பித்த பச்சையப்பன் கல்லூரி 1842இல் தொடங்கி 1940 வரை ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. உயர் நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில் கிரேக்கக் கோயில் பாணித் தூண்களோடு நிற்கும் பச்சையப்பன் மண்டபம் அதன் மிச்சம். 1996இல் திமுக - தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) அலையில் அவர் எளிதாக வென்றார். 2001இல் எளிதாக இல்லை. திமுக அப்போது பாஜக கூட்டணியில் இருந்தது. மண்ணடியில் அது எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. எதிரே காங்கிரஸ், தமாகா, பாமக, இடதுசாரிகள் எல்லாரையும் சேர்த்து ஜெயலலிதா அமைத்த பெருங்கூட்டணி. அன்பழகன் பெற்றது 24,225 வாக்குகள், வித்தியாசம் 336. திமுக மாநிலத்தில் 31 இடங்களோடு நின்றது.

2006இல் திமுக காங்கிரஸோடு சேர்ந்து ஆட்சியைப் பிடித்தது. மாநிலக் காற்று சாதகமாக இருந்தும் துறைமுகம் நடுங்கவைத்தது. அதிமுக கூட்டணியில் மதிமுக நிறுத்திய சீமா பஷீர் 26,135 வாக்குகள் வாங்கினார். அன்பழகனுக்கு 26,545. வெறும் 410 வாக்குகளில் தப்பியவர் அடுத்த ஐந்தாண்டு மாநிலத்தின் நிதியமைச்சராக இருந்தார். மண்ணடியில் ஒரு முஸ்லிம் வேட்பாளரை நிறுத்தி திமுகவின் பழைய கூட்டைக் கலைக்கப் பார்த்த உத்தி ஏறத்தாழ பலித்தே விட்டது. 2011இல் அன்பழகன் வில்லிவாக்கத்துக்கு மாறினார், அங்கே தோற்றார்.

இந்த வாக்கு எண்ணிக்கைகளின் அளவைக் கவனிக்க வேண்டும். ஒரு மாநில நிதியமைச்சரைத் தேர்ந்தெடுக்க 26,545 வாக்கு போதுமாயிருந்தது. மற்ற மாவட்டங்களில் தோற்றவர்களே அதைவிட இருமடங்கு வாங்கினார்கள். காரணம், துறைமுகத்தில் வாக்காளர்கள் குறைவு. குறைந்ததற்குக் காரணம் ஊரின் பொருளாதாரம். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய முற்றம் வைத்த வீடு கைமாறினால் அது பெரும்பாலும் கிடங்காகவோ அடுக்குக் கடையாகவோ ஆகிவிடும். மாடிக்கு மாடி வாடகை வரும் இடத்தில் குடும்பம் வைத்துக்கொள்வது வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தபோது மூட்டை சுமக்கும் கைகளுக்கு இருந்த தேவை குறைந்தது. 1996இல் கொத்தவால்சாவடிக் காய்கறி மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. அதோடு போன கூலித் தொழிலாளர்களும் தரகர்களும் கணக்கில்லை. 2002இல் பிராட்வே வெளியூர்ப் பேருந்து நிலையமும் கோயம்பேட்டுக்கு மாறியது. இரும்பு வணிகர்களுக்குச் சாத்தங்காட்டில் தனிச் சந்தை அமைந்தது. நெரிசலைக் குறைப்பது என்ற நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவுகள்தாம் இவை. ஆனால் ஒவ்வொன்றும் வாக்காளர் பட்டியலிலிருந்து சில குடும்பங்களை உருவிக்கொண்டது. வணிகம் தங்கியது, வணிகர் அண்ணாநகருக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் வேப்பேரிக்கும் போனார். எஞ்சியவை பழைய ஒண்டுக்குடித்தனங்களும், துறைமுகத்தையும் சந்தையையும் நம்பிய ஏழைக் குடும்பங்களும், தலைமுறையாக நகர மனமில்லாத சில வீடுகளும்.

தொகுதி வாக்காளரை இழந்தால் அதன் எல்லையை நீட்டியாக வேண்டும். 2008 மறுசீரமைப்பில் அதுதான் நடந்தது. பக்கத்திலிருந்த பூங்கா நகர் தொகுதி மறைந்தது. அதன் பல பகுதிகள் துறைமுகத்தோடு சேர்ந்தன. சவுகார்பேட்டையின் வட இந்திய வணிகக் குடும்பங்கள் இப்போது இந்தத் தொகுதியின் முக்கியமான வாக்குத் தொகுப்பு ஆயின. செல்வராசன் காலத்துத் துறைமுகமும் 2011இன் துறைமுகமும் பெயரில் ஒன்று, ஆளில் வேறு.

புதிய எல்லையில் நடந்த முதல் தேர்தலிலேயே எட்டுத் தேர்தல் தொடர்ச்சி அறுந்தது. 2011இல் அதிமுகவின் பழ. கருப்பையா 53,920 வாக்குகள் பெற்றார். திமுகவின் அல்தாப் உசேன் 33,603. எழுத்தாளரும் பேச்சாளருமான பழ. கருப்பையா கட்சிக்குள் அடங்கி இருக்கவில்லை. 2016 ஜனவரியில் அதிமுக அவரை நீக்கியது, அவரும் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். கருணாநிதிக்குப் பிறகு இந்தத் தொகுதியின் உறுப்பினர் இடையில் விலகியது இது இரண்டாம் முறை.

2016இல் தொகுதி திமுகவுக்குத் திரும்பியது. வென்றவர் பி.கே. சேகர்பாபு. பக்கத்து ஆர்.கே. நகரில் 2001லும் 2006லும் அதிமுக உறுப்பினராக இருந்தவர். வடசென்னை வாக்குச்சாவடிகளை உள்ளங்கையில் வைத்திருந்த ஒருவரை திமுக தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிறுத்தியது. அப்போதும் கிடைத்த வித்தியாசம் 4,836தான், அதிமுகவின் கே.எஸ். சீனிவாசனுக்கு 37,235, சேகர்பாபுவுக்கு 42,071. 2021இல் அதிமுக இந்தத் தொகுதியை பாஜகவுக்கு விட்டது. அதன் வேட்பாளர் வினோஜ் பி. செல்வம். சவுகார்பேட்டையின் வாக்கை நம்பிய கணக்கு அது. சேகர்பாபு 59,317, வினோஜ் 32,043. மண்ணடி ஒருமனதாக ஒரு பக்கம் நின்றது, சவுகார்பேட்டை அப்படி மறுபக்கம் நிற்கவில்லை என்று இந்த எண்களை வாசிக்கலாம். திமுக ஆட்சி அமைந்ததும் சேகர்பாபு இந்து சமய அறநிலையத் துறை அமைச்சரானார். கந்தகோட்டமும் காளிகாம்பாள் கோயிலும் இருக்கும் தொகுதியின் உறுப்பினருக்கு அந்தத் துறை கிடைத்தது பொருத்தமானதே.

2021 தேர்தலில் சென்னை மாவட்டத்தில் பதிவான வாக்கு சுமார் 59 விழுக்காடு. மாநிலச் சராசரி 72ஐத் தாண்டியது. தலைநகரத்துக்காரர்கள் வாக்களிக்கச் சோம்பல் என்று பேசுவது எளிது. ஜார்ஜ் டவுன் மாதிரி ஊரில் பட்டியலில் பெயர் இருந்தும் வீட்டைக் காலிசெய்து போனவர் எத்தனை, இங்கேயே படுத்துறங்கி உழைத்தும் பட்டியலில் பெயரே ஏறாத சுமைதூக்குபவர் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் அந்த விழுக்காட்டைப் பார்க்க வேண்டும். நடைபாதையில் வாழும் குடும்பத்துக்கு முகவரி கிடையாது. முகவரி இல்லாமலும் வாக்காளராகப் பதிய விதி இடம் தருகிறது. தேர்தல் அலுவலர் இரவில் நேரில் வந்து அங்கே தங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யவைக்கும் ஆள் பலம் அந்தக் குடும்பத்திடம் இருப்பதில்லை. தூங்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மாநிலத்தின் உயர் நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் இருந்தும் அவர்கள் எண்ணப்படாமல் போவது இந்தத் தொகுதியின் தேர்தல் வரலாற்றில் எழுதப்படாத பக்கம்.

2024 மக்களவைத் தேர்தலில் துறைமுகம் அடங்கிய மத்திய சென்னையில் திமுகவின் தயாநிதி மாறன் இரண்டரை லட்சத்தை நெருங்கும் வித்தியாசத்தில் வென்றார். இரண்டாம் இடம் வினோஜ் பி. செல்வத்துக்கு. அதிமுக கூட்டணி மூன்றாம் இடத்துக்குப் போனது. பாரிமுனையில் எதிர்க்கட்சி யார் என்பதே மாறத் தொடங்கியிருக்கிறது.

இனிவரும் சிக்கல் எல்லை பற்றியது. 2021 பட்டியலில் துறைமுகத்தின் வாக்காளர்கள் சுமார் 1.76 லட்சம், மாநிலத்திலேயே மிகக் குறைவு. அதே நகரத்தின் தென்கோடியில் வளர்ந்துகொண்டே போகும் சோழிங்கநல்லூரில் சுமார் 6.9 லட்சம். இரண்டுக்கும் தலா ஒரு சட்டமன்ற உறுப்பினர். 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத் தொகுதிகளை மறுபடி பிரிக்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அப்போது துறைமுகத்தை இன்னும் மேற்கே நீட்டுவார்களா, ராயபுரத்தோடு சேர்ப்பார்களா, பூங்கா நகரைப் போலப் பெயரையே எடுத்துவிடுவார்களா என்பதை எல்லை வரைபவர்கள் முடிவு செய்வார்கள். பவளக்காரத் தெருவும் தங்கசாலையும் எந்தத் தொகுதியில் வரும் என்பதைவிட, அந்தத் தெருக்களில் இன்னும் குடியிருப்பவர்களின் பெயர்கள் ஒன்றுவிடாமல் பட்டியலில் ஏறுமா என்பதைத்தான் அன்று முதலில் கேட்க வேண்டியிருக்கும்.